ரயில் கட்டணமும் தொழிலாளியின் கூலியும்

ரயிலில் பிரயாணம் செய்யும் ஜனங்களின் தொகை வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகிறது என்று மத்திய சர்க்கார் பெருமையோடு சொல்லி வருகிறது. 2022-23இல் 640 கோடி. 2023-24இல் 690 கோடி. 2024-25இல் 715 கோடி. இவை சர்க்காரின் சொந்தக் கணக்குகள். இவற்றை நாம் மறுக்கவில்லை. எந்த வருஷத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

கொரோனாவுக்கு முன்பு, 2018-19இல், இதே ரயில்வே ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 844 கோடி. (ஒருவர் போய்த் திரும்பினால் இரண்டு என்று எண்ணுவார்கள். இது ஆள் கணக்கல்ல, பயணக் கணக்கு.) 2020-21இல் அது 125 கோடிக்கு விழுந்தது. கிணற்றில் விழுந்தவன் படியேறி வருகிறான். இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. அதற்குள் மலையேறிவிட்டதாக மேளம் கொட்டுகிறார்கள். 2024-25ஆம் வருஷத்துக் கணக்கு, ஆறு வருஷங்களுக்கு முந்திய கணக்கைவிட 129 கோடி குறைவு.

தலைகள் குறைந்தன. வசூல் குறைந்ததா? 2018-19இல் பிரயாணிகளிடமிருந்து ரயில்வேக்குக் கிடைத்த வருமானம் சுமார் 51 ஆயிரம் கோடி ரூபாய். 2023-24இல் அது சுமார் 70 ஆயிரம் கோடி. வகுத்துப் பாருங்கள். அன்று ஒரு பயணத்துக்குச் சராசரி வசூல் 60 ரூபாய்; 2023-24இல் 100 ரூபாய்க்கு மேல். குறைந்த ஜனங்களிடமிருந்து அதிகப் பணம்! இந்த வித்தியாசம் முழுவதும் கட்டண உயர்வினால் மட்டும் வந்தது என்று நாம் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் நெடுந்தூரம் போகிறவர்களின் பங்கு கூடியிருக்கிறது. பத்து ரூபாய் டிக்கெட் எடுத்துப் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகிறவரின் பங்கு தேய்ந்திருக்கிறது. சராசரி உயர்ந்ததற்கு அதுவும் காரணம். நம்மைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமான காரணம். ஏனென்றால் அந்தப் பத்து ரூபாய்ப் பிரயாணி வேறு யாருமல்ல, நாம்தான்.

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில் பாதையைப் பாருங்கள். லத்தேரி, குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி. டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இந்தப் பாதையை ஒட்டித்தான் வளர்ந்திருக்கின்றன. பாதைக்கு இருபுறமும் உள்ள கிராமங்களிலிருந்துதான் கைகள் வருகின்றன. ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களின் கைகள். ஆகவே இந்தப் பாதையில் நின்று போகும் பாசஞ்சர் வண்டியின் டிக்கெட் விலை என்பது ரயில்வே இலாகாவின் விஷயம் மட்டுமல்ல. அது நமது கூலி சம்பந்தப்பட்ட விஷயம்.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போம். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சாதாரண வண்டியில் டிக்கெட் 10 ரூபாய். ஒரு பெண் தொழிலாளி மாதம் 26 நாள் போய் வந்தால் 52 பயணம், 520 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. மாதம் முழுவதும் போய்வரச் சுமார் 15 தடவைக் கட்டணம்தான். 2020 மார்ச்சில் வண்டிகள் நின்றன. பிறகு ஆலைகளின் கதவுகள் திறந்தன. பாசஞ்சர் வண்டிகள் நீண்ட காலம் வரவில்லை. வந்தபோது 'ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ்' என்ற புதுப் பெயரோடு வந்தன. அதே பெட்டி, அதே வேகம், அதே ஸ்டேஷன்கள். குறைந்தபட்ச டிக்கெட் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய். ஆரம்பத்தில் சீசன் டிக்கெட்டும் செல்லாது என்றார்கள். 52 பயணத்துக்கு 1,560 ரூபாய்! மாதத்துக்கு 1,040 ரூபாய் அதிகம். இது எவ்வளவு பெரிய தொகை என்று கிராமத்து விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். மூன்று நாள் மண் சுமந்த கூலியை ரயில்வே தன் பைக்குள் போட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

இதற்காகப் பார்லிமெண்டில் எந்த மசோதாவும் வரவில்லை, வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. வண்டியின் பெயரை மாற்றினார்கள். விலை மூன்று மடங்கானது. முதலாளி ஒருவன் கூலியில் ஆயிரம் ரூபாயை வெட்டினால் சங்கம் கேட் மீட்டிங் போடும், வேலை நிறுத்த நோட்டீஸ் கொடுக்கும். சர்க்கார் டிக்கெட் கவுண்டரில் வெட்டினால், அவரவர் சில்லறையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வண்டியேறுகிறோம்.

குறைந்தபட்சக் கட்டணம் மறுபடி 10 ரூபாயானது 2024 பிப்ரவரி கடைசியில். பார்லிமெண்டுத் தேர்தலுக்கு ஏப்ரலில் ஓட்டுப் போட்டோம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நம்பக்கூடியவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

"ஆம்பூர் தொழிலாளிக்கு ரயில் எதற்கு? கம்பெனி பஸ் வருகிறதே, வேன் வருகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. நமது தோழர்களிலேயே சிலர் அப்படி நினைக்கிறார்கள். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கம்பெனி வேன் வாசலுக்கு வருவது சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேன் ஒரே ஒரு கம்பெனியின் கேட்டுக்குத்தான் போகும். பக்கத்துக் கம்பெனியில் கூலி கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தாலும் அங்கே போய்ச் சேர வழியில்லை. எந்தக் கம்பெனியின் வேன் நம் கிராமத்துக்கு வருகிறதோ அந்தக் கம்பெனி சொல்லும் கூலிதான் நமக்கு விலை. வேலை முடிந்து சங்கக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் நிற்கலாம் என்றால், வேன் நிற்காது. சூப்பர்வைசரிடம் வாக்குவாதம் செய்தவள் மறுநாள் காலை ரோட்டோரம் காத்திருக்க, வேன் நிறுத்தாமல் போனால் அவள் யாரிடம் முறையிடுவது? ஓவர்டைம் இத்தனை மணி வரை என்று தீர்மானிப்பதும் வேன் புறப்படும் நேரம்தான். இலவச வாகனம் என்கிறார்கள். எஜமானின் வாகனத்தில் ஏறினால் எஜமானின் நேரத்துக்குத்தான் இறங்க முடியும்.

சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தொழிலாளி அப்படியல்ல. அவள் குடியாத்தத்திலும் வேலை பார்க்கலாம், ஆம்பூரிலும் பார்க்கலாம், வாணியம்பாடியிலும் பார்க்கலாம். 'உன் கூலி கட்டாது' என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கும் சுதந்திரம் அவளுக்கு உண்டு. பாசஞ்சர் வண்டி நின்றுபோனால் முதலாளிக்கு நஷ்டமில்லை, அவனுக்கு லாபம்தான். தொழிலாளி அவன் அனுப்பும் வேனை நம்பியே கிடக்க வேண்டும் அல்லவா?

விவசாயத் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. பச்சகுப்பத்திலும் மேல்பட்டியிலும் ஒரு பெண் நாற்று நடவு, களையெடுப்பு இரண்டையும் விட்டால் வேறு வழியில்லை என்று இருக்கும்வரை மிராசுதார் வைத்ததுதான் கூலி. அவள் பத்து ரூபாயில் டவுனுக்குப் போய் வேறு வேலை தேட முடியும் என்றால் வயலிலும் கூலியை உயர்த்தியே தீர வேண்டும். மலிவான ரயில், அதில் ஏறாதவளுக்கும் கூலி கேட்டுக் கொடுக்கிறது. டவுன் தொழிலாளியும் கிராமத் தொழிலாளியும் ஒரே கோரிக்கையில் நிற்கக்கூடிய இடம் இது.

இனி சர்க்கார் தரப்பு வாதத்துக்கு வருவோம். பிரயாணிகளுக்கு வருஷத்துக்கு 56,993 கோடி ரூபாய் சலுகை தருகிறோம், ஒவ்வொரு பிரயாணிக்கும் 46 சதவிகிதம் தள்ளுபடி என்று ரயில்வே மந்திரி பார்லிமெண்டில் 2024 டிசம்பரில் சொன்னார். பிரயாணச் செலவில் 57 சதவிகிதம்தான் உங்களிடம் வசூலிக்கிறோம் என்று 2016 முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தந்தார்கள். தர்மத்துக்குப் போட்ட சோற்றைச் சாப்பிடுகிறவன்போல நாம் கூனிக் குறுகி உட்கார வேண்டும் என்பது எண்ணம் போலும்! நாம் ஒன்று கேட்கிறோம். 2019 செப்டம்பரில் இதே சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக ஒரே நாளில் குறைத்தது. அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு போகும் என்று நிதி மந்திரியே கணக்குச் சொன்னார். அந்தச் சலுகையைப் பெற்ற கம்பெனிகளின் விலைச்சீட்டில் 'இவர் ஜனங்களின் வரிப்பணத்தில் வாழ்கிறார்' என்று யாராவது அச்சடித்தார்களா?

தொழிலாளி ரயிலில் ஏறி வேலைக்கு வருவதால் லாபமடைகிறவர் யார்? முதலில் முதலாளி. ஆகவே மலிவுக் கட்டணத்தில் அவனுக்கும் பங்கு போகிறது. சலுகையைக் குறைக்க வேண்டுமானால் அங்கிருந்து வசூலியுங்கள்.

2025 டிசம்பர் கட்டண உயர்வின்போது இன்னொரு வாதம் வந்தது. இதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். ரயில்வே ஊழியர்களின் சம்பளச் செலவு 1 லட்சத்து 15 ஆயிரம் கோடியாகிவிட்டது, பென்ஷன் 60 ஆயிரம் கோடியாகிவிட்டது, ஆகவே கட்டணத்தைக் கூட்டுகிறோம் என்றார்கள். அதாவது, 'உங்கள் டிக்கெட் விலை ஏறுவதற்குக் காரணம் கேங்மேனும் பாயிண்ட்ஸ்மேனும்' என்று பிரயாணியின் காதில் ஓதுகிறார்கள். பாட்டாளியைப் பாட்டாளியோடு மோதவிடும் பழைய தந்திரம் இது. 2023இல் ரயில்வேயில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் இடங்கள் காலியாகக் கிடந்தன என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஆள் போடாமல் மிச்சம் பிடித்த பணம் எங்கே என்று அவர்கள் சொல்வதில்லை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஐந்து தொழிலாளிகளும், 1974 மே மாதத்தில் இருபது நாள் நாட்டையே நிறுத்திக் காட்டிய லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளிகளும் நமது வர்க்கத்தின் பகுதி. அவர்களுடைய பென்ஷனைக் காட்டி நம்மை ஏமாற்ற முடியாது.

ஆட்பற்றாக்குறையின் பலனை நமது பாதையிலேயே பார்த்தோம். 2025 பிப்ரவரியில் ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடும் வண்டியில், பெண்கள் பெட்டியில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஒரு கயவன் கீழே தள்ளினான். வயிற்றிலிருந்த சிசு மடிந்தது. அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள், சரி. பெண்கள் பெட்டிக்குக் காவல் போடாத இலாகாவை யார் விசாரித்தது?

ரயில்வே நஷ்டக் கணக்குக் காட்டுவது புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் நமது வாலாஜா ரோடு. அந்தப் பாதையைப் போட்ட மதராஸ் ரயில்வே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவிகித வட்டி என்று வெள்ளைக்காரச் சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வட்டியைக் கட்டியது இங்கே உழுதவனின் வரிப்பணம். வண்டியில் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து ஏறியவனும் அவனேதான். 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். நெருக்கம் அப்படியே இருக்கிறது. பொதுப் பெட்டியில் ஏறிப் பார்த்தால் தெரியும். பொதுப் பெட்டிகள் ஆயிரத்துக்கு மேல் சேர்த்திருப்பதாக 2024 கடைசியில் சொன்னார்கள். முன்பு குறைத்ததை யார் குறைத்தது என்று அந்த அறிக்கையில் இல்லை.

2025ஆம் வருஷத்தில் மட்டும் கட்டணம் இரண்டு தடவை ஏறியது. ஜூலை 1 முதல், மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் சாதாரணப் பெட்டியில் கிலோமீட்டருக்கு 1 பைசா. டிசம்பர் 26 முதல் மேலும் 2 பைசா. சாதாரண வண்டியில் 215 கிலோமீட்டர் வரை உயர்வு இல்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை ஏறக்குறைய 214 கிலோமீட்டர். நாம் ஒரு கிலோமீட்டரில் தப்பித்தோம் என்று சந்தோஷப்படலாம்! ஆனால் சாதாரண வண்டி எங்கே இருக்கிறது? 2020க்குப் பிறகு நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று மாற்றியாயிற்று. இல்லாத வண்டிக்குக் கட்டண விலக்கு! சீசன் டிக்கெட்டை இந்த இரண்டு தடவையும் தொடவில்லை. தொட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2014 ஜூனில் 15 தடவைக் கட்டணத்துக்குப் பதில் 30 தடவைக் கட்டணம் என்று அறிவித்து, ஜனங்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள்.

பைசாதானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நிற்கட்டும். வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழை ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறார்கள். ஹௌராவிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர். இரண்டு உயர்வும் சேர்ந்து தலைக்கு 51 ரூபாய். நோயாளியும் துணையும் போய்த் திரும்ப 200 ரூபாய்க்கு மேல். அது ஒரு வேளை மருந்து. நோயாளிகளில் சில வகையினருக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் முதியோருக்கு இருந்த சலுகை, 60 வயது ஆண்களுக்கு 40 சதவிகிதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவிகிதம், 2020 மார்ச்சில் ரத்தானது. அதைத் திருப்பிக் கொடுங்கள், குறைந்தபட்சம் தூங்கும் வசதிப் பெட்டிக்காவது கொடுங்கள் என்று பார்லிமெண்டின் ரயில்வே நிலைக்குழு 2022இலும் 2023இலும் சொன்னது. அந்தக் குழுவின் தலைவர் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். அவர் பேச்சும் எடுபடவில்லை. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்று கால் வெந்த கிழவனுக்கு மகள் வீட்டுக்குப் போக முழு டிக்கெட்!

பணமில்லை என்று சொல்வதை எப்படி நம்புவது? சென்னையிலிருந்து மைசூருக்கு 2022 நவம்பரில் விட்ட வந்தே பாரத் வண்டி ஆம்பூரையும் வாணியம்பாடியையும் நிற்காமல் தாண்டிப் போகிறது. சென்னையிலிருந்து மைசூர் வரை அதில் உட்கார்ந்து போக ஆயிரம் ரூபாய்க்கு மேல், அதாவது நூறு நாள் வேலையில் மூன்று நாள் கூலி. அந்த வண்டியைக் கட்டியவர்கள் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தொழிலாளிகள். 1955இல் ஜனங்களின் பணத்தில் திறந்த அந்தத் தொழிற்சாலையால் நல்ல வண்டி கட்ட முடியும் என்பதில் நமக்குப் பெருமைதான். அதே கைகளால் ஜோலார்பேட்டை பாதைக்கு நாலு மெமு வண்டி கட்ட முடியாதா? 2019 ஜூலையில் சென்னை தண்ணீரில்லாமல் தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டாங்க் வாகன்கள் கோத்த வண்டி வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் சுமந்து போனதை நாம் கண்ணால் பார்த்தோம். வேண்டும் என்று தீர்மானித்தால் வண்டி வருகிறது.

வெளிநாட்டைப் பாருங்கள் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு இரண்டு உதாரணம். ஜெர்மனி முதலாளித்துவ நாடுதான். விலைவாசி ஏறிய 2022இல் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம் என்று அறிவித்தார்கள். 5 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. லக்ஸம்பர்க் என்ற சின்ன நாட்டில் 2020 முதல் ரயிலும் பஸ்ஸும் இலவசம். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டிலேயே 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாநில சர்க்காரின் மற்றக் காரியங்களில் நமக்கு ஆயிரம் குறை உண்டு; கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் மடியில் இதனால் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது என்பதை மறுக்க முடியாது. டவுன் பஸ்ஸால் முடிந்தது ரயிலால் முடியாதா?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. காட்பாடி–ஜோலார்பேட்டை பாதையில் காலை, மாலை, இரவு ஷிப்ட் நேரங்களுக்குப் பொருத்தமாக எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் மெமு வண்டிகள் வேண்டும். நின்று போகும் வண்டிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயரிட்டுப் பணம் பறிக்கக் கூடாது. 2025இல் ஏற்றிய இரண்டு உயர்வும் ரத்தாக வேண்டும். முதியோர் சலுகை திரும்ப வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் பெண்கள் பெட்டிக்குக் காவல் வேண்டும். காலி இடங்களில் இந்த மாவட்டங்களின் வாலிபர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். கோட்ட ரயில்வே ஆலோசனைக் கமிட்டியில் வர்த்தக சபைகளுக்கு நாற்காலி இருப்பதுபோல் தோல் தொழிலாளர் சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் நாற்காலி போட வேண்டும்.

இந்த மனு சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்குப் போக வேண்டும். 'அங்கே பிரயாணிகள் இல்லை, வண்டி விட்டால் கட்டாது' என்ற பதில்தான் முதலில் வரும். பிரயாணிகளை அவர்கள் எண்ணுவது டிக்கெட் விற்ற ஸ்டேஷனில்; வண்டியே இல்லாத நேரத்தில் டிக்கெட் விற்காது. ஆகவே கணக்கை நாம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். எந்தக் கிராமம், பக்கத்து ஸ்டேஷன் எது, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், இப்போது பஸ்ஸா, வேனா, ஷேர் ஆட்டோவா, மாதச் செலவு எவ்வளவு, வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று எழுதட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் தங்கள் தெருக்களில் இதே கணக்கை எடுக்கட்டும். ஓவர்டைம் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்களின் நேரத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.